மச்சு பிச்சுவில் தொடங்காதீர்கள்: இன்கா உலகுக்கு நேரலையில் போய்வர ஒரு வழிகாட்டி

தென் அமெரிக்காவில் இன்றைய பெரு நாட்டை மையமாகக் கொண்டிருந்த இன்காப் பேரரசு என்றதுமே மேகம் சூழ்ந்த மலைமுகட்டில் கல்வீடுகள் நிற்கும் மச்சு பிச்சு படம்தான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அதனால் நேரலைச் சுற்றுலா (வழிகாட்டி அங்கிருந்து கேமராவில் காட்ட, நாம் வீட்டிலிருந்தே பார்ப்பது) தேடும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் அதற்கே பணம் கட்டிவிடுகிறார்கள். அங்கே செல்போன் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. ட்ரோனுக்குத் தடை உண்டு. வணிகப் படப்பிடிப்புக்குத் தனி அனுமதி வேண்டும். எனவே பல வழிகாட்டிகள் ஏற்கெனவே எடுத்த வீடியோவை ஓடவிட்டு, அதன்மேல் பேசுவார்கள். அப்படிப்பட்ட வீடியோக்கள் யூடியூபில் காசில்லாமலே கிடைக்கின்றன.

நேரலையின் பலன் வேறு. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் நிற்கிறார். அவரிடம் கேள்வி கேட்கலாம். "கொஞ்சம் நில்லுங்கள், அந்தக் கல்லின் ஓரத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள்" என்று சொல்லலாம். அவர் வீட்டில் இன்காக்களின் மொழியான கெச்சுவா பேசும் பாட்டி இருக்கலாம். இன்கா அரசு அழிந்து ஐந்து நூற்றாண்டு ஆகப்போகிறது, ஆனால் அந்த மக்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்கள் நெய்கிறார்கள், உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள், புல்லால் பாலம் கட்டுகிறார்கள். நேரலைப் பயணத்தை இடிபாடுகளைப் பார்க்க மட்டும் செலவழிக்காதீர்கள், இந்த மனிதர்களைச் சந்திக்கப் பயன்படுத்துங்கள். கீழே சொல்லும் வரிசை அதற்காகவே.

முதலில் ஒரு மாலை நேரம் வரலாற்றுக்கு

ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்தால் வழிகாட்டி சொல்லும் பெயர்கள் காதில் ஒட்டாது. எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை, இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்காக்கள் முதலில் இன்றைய பெருவிலுள்ள குஸ்கோ பள்ளத்தாக்கின் ஒரு சிறு குழு. 15-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பச்சாகுட்டி என்ற அரசர் காலத்தில் அவர்கள் வேகமாகப் பரவினார்கள். அவர் மகன் துபாக் யுபான்கி, பேரன் ஹுவாய்னா கபாக் ஆகியோர் காலத்தில் இன்றைய கொலம்பியாவின் தென்கோடி முதல் சிலியின் நடுப்பகுதி வரை ஆட்சி நீண்டது. நாடு நான்கு பகுதிகளாகப் பிரிந்திருந்தது, நான்கும் சந்திக்கும் இடம் குஸ்கோ. வண்டிச் சக்கரம், இரும்பு, எழுத்து மூன்றும் இல்லாமலே இதைக் கட்டினார்கள். சாலை மட்டும் 30,000 கிலோமீட்டருக்கு மேல். மக்கள் வரியைக் காசாகக் கட்டவில்லை, உழைப்பாகக் கொடுத்தார்கள்.

ஹுவாய்னா கபாக் இறந்தபின் அவர் மகன்கள் ஹுவாஸ்கரும் அதாவால்பாவும் மோதிக்கொண்டார்கள். அதாவால்பா வென்ற சமயத்தில் ஸ்பானியர் பிரான்சிஸ்கோ பிசாரோ வந்து சேர்ந்தார். 1532 நவம்பர் 16 அன்று கஹமார்கா நகரச் சதுக்கத்தில் அதாவால்பாவைப் பிடித்தார். ஓர் அறை நிறையத் தங்கமும் அதைப்போல் இரண்டு மடங்கு வெள்ளியும் மீட்புப் பணமாக வாங்கிக்கொண்டு, 1533-ல் கொன்றார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஹுவாய்னா கபாக்கின் இன்னொரு மகன் மாங்கோ இன்கா கிளர்ந்தெழுந்தார், வில்கபாம்பா காட்டில் ஓர் எதிர்ப்பு அரசு நடந்தது. கடைசி இன்காவான துபாக் அமாரு 1572-ல் குஸ்கோ சதுக்கத்தில் கொல்லப்பட்டார். இந்த 40 ஆண்டுகளைப் பற்றி வழிகாட்டியிடம் கட்டாயம் கேளுங்கள், சுற்றுலாப் பேச்சில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

இதோடு ஒரு மணி நேரம் ஒதுக்கி குவாமான் போமாவின் படங்களைப் பார்த்துவிடுங்கள். ஆண்டிஸ் மலைநாட்டு மண்ணின் மகனான அவர், 1615 வாக்கில் ஸ்பெயின் அரசருக்கு ஏறத்தாழ 1,200 பக்கத்தில் ஒரு நீண்ட முறையீடு எழுதினார். அதில் கிட்டத்தட்ட 400 கோட்டுப் படங்கள் உண்டு. காலால் மிதித்து உழும் கலப்பை, தறியில் உட்கார்ந்த பெண், முடிச்சுக் கயிறு பிடித்த கணக்கர், ஸ்பானியப் பாதிரியின் அடி உதை எல்லாம் அதில் இருக்கின்றன. மூலப்பிரதி கோபன்ஹேகனில் டென்மார்க் அரச நூலகத்தில் இருக்கிறது. அந்தப் பிரதி முழுவதையும் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் படங்களே பேசும். பிறகு நேரலையில் யாராவது தறியில் அமரும்போது, அந்தப் பெண் 400 ஆண்டுக்கு முந்தைய கோட்டோவியத்திலிருந்து எழுந்து வந்ததுபோல இருக்கும்.

நேரக் கணக்கு

பெரு நாட்டு நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். குஸ்கோவில் காலை 8 மணி என்றால் நமக்கு அன்று மாலை 6.30. அங்கே நண்பகல் 12 என்றால் இங்கே இரவு 10.30. ஆக அலுவலகம் முடிந்து வந்து, காபி குடித்துவிட்டு உட்காரும் நேரத்தில் அங்கே காலை வெயில். தெருவில் நடக்கும் சுற்றுகளுக்கு இதைவிட நல்ல பொருத்தம் கிடையாது. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் 13 மணி நேரம், குஸ்கோவின் காலை 8 அவர்களுக்கு இரவு 9. துபாயில் மாலை 5. லண்டனிலும் டொராண்டோவிலும் கோடையில் கடிகாரத்தை மாற்றுவார்கள், பெருவில் மாற்றுவதில்லை. அதனால் அங்கிருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

அங்கே மாலை ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். சமையல், மொழிப் பாடம் போன்ற வீட்டுக்குள் நடப்பவை மாலையிலும் இருக்கும். குஸ்கோவின் இரவு 7 நமக்கு மறுநாள் விடிகாலை 5.30. முன்பதிவு செய்யும்போது திரையில் தெரியும் நேரம் யாருடையது என்று இரண்டு முறை பாருங்கள். தேதி மாறும் இடத்தில்தான் பலர் பயணத்தைத் தவறவிடுகிறார்கள்.

பருவமும் முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிந்திருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல மழை, ஜனவரி, பிப்ரவரியில் அதிகம். மழைக்காலத்தில் பதிவு செய்தால் மழை வந்தால் என்ன ஏற்பாடு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

தளங்கள் வரும் போகும். பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கியவற்றில் பல இன்று இல்லை. ஆகவே தளத்தைவிட ஆளைத் தேடுங்கள். "குஸ்கோ", "லைவ் விர்ச்சுவல் டூர்", "பிரைவேட்" என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் தனி வழிகாட்டிகளின் பக்கங்கள் கிடைக்கும். பெருவில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அரசு அங்கீகார அட்டை உண்டு. அது இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளை எழுதி அனுப்புங்கள். முழுவதும் நேரலையா, எந்தப் பகுதி பதிவு செய்த வீடியோ? ஒரு சுற்றில் எத்தனை பேர்? நடுவில் கேள்வி கேட்கலாமா, கடைசியில்தானா? பட்டியலில் உள்ள இடங்களில் எவற்றுக்குள் கேமராவை அனுமதிப்பார்கள்? குஸ்கோ பேராலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. நல்ல வழிகாட்டி இதை மறைக்காமல் சொல்வார்.

நான் ஐந்தாவதாக ஒன்றும் கேட்கச் சொல்வேன்: "இவ்வளவு பெரிய கற்களை யார், எப்படிப் பொருத்தினார்கள்?" குவாரி, சுத்தியல் கல், சாய்தளம், ஆயிரக்கணக்கானோர் உழைப்பு என்று பதில் வந்தால் அவரோடு போங்கள். வேற்றுக்கிரகவாசிகள், கல்லை உருக்கும் மூலிகை என்று ஆரம்பித்தால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். அந்தக் கதைகள் வேடிக்கையானவை அல்ல. கல் சுமந்து, கல் உடைத்து, அதில் உயிர்விட்ட மக்களின் உழைப்பை அவர்கள் வாரிசுகளிடமிருந்தே பிடுங்கும் கதைகள் அவை.

முதல் முறை குழுச் சுற்றில் சேருங்கள், செலவு குறைவு. பிடித்த வழிகாட்டி கிடைத்ததும் குடும்பமாகவோ நண்பர்களோடு சேர்ந்தோ தனிச் சுற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். நான்கைந்து பேர் பங்கு போட்டால் தலைக்கு ஆகும் செலவு பெரிதாக இருக்காது.

கருவியும் பணமும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5 எம்பிபிஎஸ் வேகம் நிலையாகக் கிடைத்தால் போதும். செல்போனில் பார்க்காதீர்கள், கல்லின் நுணுக்கமும் நூலின் நிறமும் தெரியாது. லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கம்பியால் டிவியோடு இணையுங்கள். ஸ்பானிய வாடை கலந்த ஆங்கிலம் முதலில் கொஞ்சம் தடுமாறும், ஜூமில் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கெச்சுவாப் பெயர்களை அது கண்டபடி எழுதும். அதனால் போகப்போகும் இடங்களின் பெயர்களை முன்பே ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

பணம் பெரும்பாலும் கார்டு அல்லது பேபால் வழியாகத்தான். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் முடக்கியே தரப்படும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, ஒரு சிறிய வரம்பும் வைத்துவிடுங்கள். முன்பின் தெரியாதவருக்கு முழுத் தொகையையும் நேரடியாக அனுப்ப வேண்டாம்.

முதல் பயணம்: குஸ்கோ தெருக்கள்

3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். நேரில் போனால் முதல் நாள் மூச்சு வாங்கும். வழிகாட்டியே ஏற்றத்தில் நின்று நின்று பேசுவதைப் பார்ப்பீர்கள்.

ஆர்மாஸ் சதுக்கத்தில் தொடங்கும் சுற்றாக எடுங்கள். அங்கிருந்து லொரேத்தோ சந்துக்குள் போகச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் இன்காச் சுவர். ஒரு பக்கம் அரசுக்காகத் துணி நெய்யவும் சோள மது காய்ச்சவும் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் வாழ்ந்த இல்லம். அதன்மேல் இன்று சாந்தா கத்தலினா கன்னியர் மடம் நிற்கிறது. எதிர்ப்பக்கம் ஹுவாய்னா கபாக்கின் அரண்மனை இருந்ததாகச் சொல்லப்படும் இடம். அங்கே இயேசு சபையினர் தேவாலயம் கட்டினார்கள். கீழே இன்காவின் கல், மேலே ஸ்பானியரின் வெள்ளையடித்த சுவர். குஸ்கோ நகரின் மையம் முழுக்க இப்படித்தான்.

அடுத்து ஹாத்துன் ருமியோக் தெரு. 12 மூலைகள் கொண்ட புகழ்பெற்ற கல் இங்கே இருக்கிறது. எல்லோரும் மூலைகளை எண்ணிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கேமராவை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். கல் நடுவில் உப்பியும் ஓரத்தில் உள்வாங்கியும் இருப்பதால், காலை வெயில் சாய்வாக விழும்போது இணைப்புகளில் மெல்லிய நிழல்கோடு ஓடும். சுண்ணாம்புக் கலவை எதுவும் கிடையாது. இன்காக் கற்களின் முகத்தில் சிறு சிறு பள்ளங்கள் இருக்கும், சுத்தியல் கல் பட்ட தழும்புகள் அவை. நடுவில் பெரியதாகவும் ஓரத்தை நெருங்க நெருங்கப் பொடியதாகவும் இருக்கும். முதலில் பெரிய கல்லால் அடித்து, ஓரத்துக்குச் சிறிய கல்லை எடுத்திருக்கிறார்கள். 1980-களில் ஜான்-பியர் புரோட்ஸன் என்ற கட்டடக்கலை அறிஞர் இதே முறையில் கல்லை அடித்துப் பார்த்து, வெறும் சுத்தியல் கல்லால் இது முடியும் என்று காட்டினார். இந்தத் தழும்புகளைக் கிட்டத்தில் பார்த்துவிட்டால் வேற்றுக்கிரகக் கதை தானாக உதிர்ந்துவிடும். கல்லைத் தொடுவதற்கு அங்கே தடை உண்டு, உங்களுக்காகத் தொட்டுக் காட்டும்படி வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள்.

முடிவில் கோரிகாஞ்சா. இன்காக்களின் தலைமைச் சூரியக் கோயில் இது. அதாவால்பாவின் மீட்புப் பணத்துக்காக இதன் சுவர்களிலிருந்த தங்கத் தகடுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். பிறகு கோயிலின்மேல் சாந்தோ தொமிங்கோ மடம் எழுந்தது. 1950 மே மாதம் வந்த நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி இடிந்து விழ, உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்கள் வெளிவந்தன. அவை அசையாமல் நின்றதற்குக் காரணம், உள்நோக்கிச் சாய்ந்த சுவரும் மேலே குறுகிக் கீழே அகன்ற வாசல்களும். வெளிப்பக்கம் வளைந்து போகும் சுவரைத் தெருவிலிருந்தே காட்டலாம், அனுமதிச் சீட்டு தேவையில்லை.

வழியில் வழிகாட்டி இரண்டு விஷயங்களைச் சொல்வார். குஸ்கோ நகரம் பூமா வடிவில் கட்டப்பட்டது, இன்கா நம்பிக்கையில் கழுகு, பூமா, பாம்பு மூன்றும் மூன்று உலகங்கள் என்பார். முதலாவதை அறிஞர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. இரண்டாவது இன்றைய சுற்றுலாவில் மிக நேர்த்தியாக அடுக்கப்பட்ட வடிவம். "இது எந்தப் பழைய நூலில் வருகிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல உரையாடல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

நேரம் மிச்சமிருந்தால் சான் பேத்ரோ சந்தைக்குப் போகச் சொல்லுங்கள். ஆண்டிஸில் 4,000-க்கும் மேற்பட்ட உருளைக்கிழங்கு வகைகள் உண்டு. கறுப்பு, ஊதா, முடிச்சு முடிச்சாக என்று கொஞ்சமாவது திரையில் தெரியும். சுன்யோ கேட்டுப் பாருங்கள். இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, பல நாள் காயவைத்த கிழங்கு அது. கூழாங்கல் மாதிரி இருக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்காப் படைகள் நடந்ததே இது நிறைந்த களஞ்சியங்களை நம்பித்தான். கடைக்காரர்களைப் படம்பிடிக்கும் முன் வழிகாட்டி அனுமதி கேட்கிறாரா என்று கவனியுங்கள். அவர் குணம் அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது பயணம்: சின்செரோ தறி

ஒரே ஒரு நேரலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். குஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் சின்செரோ. அங்கே நெசவுப் பெண்களின் கூட்டுறவு மையங்கள் இருக்கின்றன. அந்த ஊரைச் சேர்ந்த நில்டா கயன்யாவ்பா உள்ளிட்டோர் 1996-ல் குஸ்கோ பாரம்பரிய நெசவு மையத்தைத் தொடங்கினார்கள். அழிந்துகொண்டிருந்த பல வடிவங்களும் நுட்பங்களும் அதன்பிறகு திரும்பி வந்தன.

முதலில் அல்பாக்கா (ஒட்டக இனத்தைச் சேர்ந்த மலைவிலங்கு) அல்லது ஆட்டு ரோமத்தை அலசுவார்கள். ஒரு வேரைத் துருவி வெந்நீரில் போட்டால் சோப்புபோல நுரைக்கும், அழுக்கு ரோமம் கண் முன்னே வெளுக்கும். பிறகு சாயம். சப்பாத்திக் கள்ளியில் சாம்பல் பூத்ததுபோல ஒட்டியிருக்கும் சிறு பூச்சி கொச்சினீல். காய்ந்த பூச்சி ஒன்றை உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்குவார், கை முழுக்க ஆழ்ந்த சிவப்பு. அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் செம்மஞ்சளாகும். காரப் பொருள் சேர்த்தால் ஊதா பக்கம் சாயும். ஒரே பூச்சியிலிருந்து இத்தனை நிறம். இது நடக்கும்போது கேமராவை உள்ளங்கைக்கு மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் மதராஸ் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை இங்கே வளர்க்க சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார், அந்தத் தொழில் நிலைக்கவில்லை. சொன்னால் நெசவாளர் ஆர்வமாகக் கேட்பார்.

கடைசியில் தறி. ஒரு முனை கம்பத்தில், மறுமுனை அவர் இடுப்பில் பட்டையாக. பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும், உடம்பே தறியின் பாதி. அல்பாக்காவின் உறவு விலங்கான லாமாவின் எலும்பில் செய்த கூரிய கருவியால் இழைகளைப் பொறுக்கித் தட்டுவார். வடிவம் எதுவும் தாளில் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. "எத்தனை வயதில் தொடங்கினீர்கள், யாரிடம் கற்றீர்கள், இந்த வடிவம் எதைக் குறிக்கிறது, இதை முடிக்க எத்தனை நாள்?" என்று கேளுங்கள். இன்காக்கள் நேர்த்தியான துணியைத் தங்கத்துக்கும் மேலாக மதித்தார்கள். அரசர் வீரர்களுக்கும் பணியவைத்த தலைவர்களுக்கும் பரிசளித்தது துணியைத்தான். அந்த மதிப்பு ஏன் வந்தது என்பது தறி முன் பத்து நிமிடம் இருந்தால் விளங்கும்.

துணி வாங்கக் கட்டாயமில்லை. வாங்கினால் பேரம் பேசாதீர்கள். சர்வதேச அஞ்சல் செலவையும் சுங்கத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவில் "சுல்பாய்கி" என்று நன்றி சொல்லுங்கள், அந்தப் பக்கம் சிரிப்பு வரும்.

வீட்டில் ஒரு வேலை: கிப்பு முடியுங்கள்

இது பயணமில்லை, இரண்டு பயணங்களுக்கு நடுவே செய்ய வேண்டிய பயிற்சி. இன்காக்கள் கணக்கைக் கயிற்றில் முடிச்சாக வைத்தார்கள். அந்தக் கயிற்றுத் தொகுதிதான் கிப்பு. அதில் எண்கள் பதின்ம முறையில் இருக்கின்றன என்பதை 1912-ல் லீலண்ட் லாக் என்ற அமெரிக்கர் நிறுவினார்.

கொஞ்சம் தடிமனான நூலைக் கிடையாக மேசையோரத்தில் கட்டுங்கள், அது தாய்க்கயிறு. அதிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். 352 என்ற எண்ணை எழுதுவோம். மேலே நூறின் இடத்தில் மூன்று சாதா முடிச்சு அடுத்தடுத்து. சற்று இடைவெளி விட்டு, பத்தின் இடத்தில் ஐந்து சாதா முடிச்சு. கீழே ஒன்றின் இடத்தில் மட்டும் முறை மாறும்: இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்த நீள முடிச்சு ஒன்று. ஒன்றின் இடத்தில் 1 வந்தால் நீள முடிச்சு போட முடியாது, எட்டு வடிவ முடிச்சு போடுவார்கள். பூஜ்யம் என்றால் அந்த இடம் வெறும் நூல். ஒன்றின் இடத்துக்கு மட்டும் வேறு முடிச்சு ஏன்? எண் எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தாலே தெரிய வேண்டும், அதற்காக. ஒரே கயிற்றில் அடுத்த எண்ணைத் தொடர்ந்தாலும் குழப்பம் வராது.

பிள்ளைகள் இருந்தால் வீட்டுச் செலவை ஒரு வாரம் கிப்புவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு லிமா நகரின் லார்கோ அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் உண்மையான கிப்புகளைத் தேடிப் பாருங்கள், அதன் சேகரிப்பு முழுவதும் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. எண் அல்லாத செய்தி வைத்திருப்பதாகக் கருதப்படும் கிப்புகளை இன்றுவரை யாரும் படித்துவிடவில்லை.

அதன்பிறகு கோட்டைகளும் மச்சு பிச்சுவும்

குஸ்கோவுக்கு மேலே சக்சாய்வாமான். மூன்று அடுக்காக வளைந்து வளைந்து போகும் சுவர், 100 டன்னுக்கு மேல் மதிப்பிடப்படும் கற்கள். வழிகாட்டியைக் கல்லின் பக்கத்தில் நிற்கச் சொன்னால்தான் அளவு புரியும். 1536-ல் மாங்கோ இன்காவின் படை குஸ்கோவை முற்றுகையிட்டபோது இங்கே கடும் போர் நடந்தது, பிசாரோவின் தம்பி ஹுவான் அதில் இறந்தார். பின்னர் ஸ்பானியர் தூக்க முடிந்த கற்களையெல்லாம் வீடு கட்ட எடுத்துப் போனார்கள். இன்று நாம் பார்ப்பது அவர்களால் அசைக்க முடியாமல் விட்டவை.

ஒயாந்தாய்தாம்போவில் கேமராவைக் கோட்டையிலிருந்து எதிர்மலைக்குத் திருப்பச் சொல்லுங்கள். குவாரி அங்கே, ஆற்றுக்கு அக்கரையில். மலையிறக்கி, ஆறு கடத்தி, மறுபடி மலையேற்றியிருக்கிறார்கள். வழியிலேயே கைவிடப்பட்ட கற்கள் இன்னும் கிடக்கின்றன. 1537-ல் மாங்கோ இன்கா ஸ்பானியக் குதிரைப்படையை விரட்டியதும் இங்கேதான். கீழேயுள்ள ஊரில் இன்காக் காலத்துத் தெருக்களிலும் கால்வாய் ஓரங்களிலும் மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள், அதையும் நடந்து காட்டச் சொல்லுங்கள்.

இனி மச்சு பிச்சு. கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் உள்ளே நடக்கலாம், அவசரமில்லாமல் நீங்களே சுற்றுங்கள். கோயில்களை மட்டும் பார்க்காமல் தண்ணீரைத் தேடுங்கள். மலையூற்றிலிருந்து சுமார் 750 மீட்டர் கால்வாய் வழியே நீர் கொண்டுவந்து, படிப்படியாக இறங்கும் 16 நீர்த்தொட்டிகளில் விழவைத்திருக்கிறார்கள். அங்கே இந்திவத்தானா என்ற செதுக்கிய பாறை இருக்கிறது, அதன் மேல்மூலையில் ஓர் உடைவு உண்டு. 2000-ல் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் விழுந்து ஏற்பட்ட சேதம் அது. படப்பிடிப்பு விதிகள் ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

குறித்து வைத்த சந்தேகங்களோடு ஒரு வழிகாட்டியை அரை மணி நேரம் ஜூமில் பிடியுங்கள். திரையில் நீங்கள் ஸ்ட்ரீட் வியூவைப் பகிர, அவர் பேசட்டும். சிக்னலோடு போராடும் நேரலையைவிட இது எத்தனையோ மேல். அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்கம் 1911-ல் "கண்டுபிடித்தார்" என்ற கதையைப் பற்றியும் கேளுங்கள். அவர் வந்தபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் பயிரிட்டுக்கொண்டிருந்தன. குஸ்கோக்காரரான அகுஸ்தீன் லிசாராகா 1902-லேயே சுவரில் தன் பெயரை எழுதியிருந்தார். பிங்கம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பொருட்கள் நூறாண்டு கழித்து, 2011, 2012-ல்தான் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து பெருவுக்குத் திரும்பின. அவை குஸ்கோவில் காசா கோஞ்சா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஜூன் மாதத்தைக் குறித்து வையுங்கள்

ஜூன் 24 இந்தி ராய்மி, சூரியத் திருவிழா. பெரு அரசுத் தொலைக்காட்சி வழக்கமாக நேரலையில் ஒளிபரப்பும், கட்டணம் கிடையாது. காலையில் கோரிகாஞ்சாவில் தொடங்கி, சதுக்கம் வழியாக, பிற்பகலில் சக்சாய்வாமானில் முடியும். நமக்கு மாலை ஏழரை வாக்கில் ஆரம்பித்து நள்ளிரவைத் தாண்டும். வசனம் முழுக்க கெச்சுவா. ஸ்பானியர் தடைசெய்த விழா இது. இப்போது நடக்கும் நாடக வடிவம் 1944-ல் தொடங்கியது. இன்கா இளவரசிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா 1609-ல் வெளியிட்ட வருணனையே அதற்கு அடிப்படை. ஆகவே இதைப் பழைய சடங்கு அப்படியே தொடர்கிறது என்று எண்ணாமல், குஸ்கோ மக்கள் தங்கள் வரலாற்றை மீட்டெடுத்த விதமாகப் பாருங்கள்.

அறுபடாமல் வந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் அதே ஜூனில் கெஸ்வாச்சாக்கா பாலம். அபுரிமாக் ஆற்றின்மேல் ஏறத்தாழ 28 மீட்டர் நீளப் பாலம், முழுவதும் மலைப்புல் கயிறு. நான்கு ஊர் மக்கள் கூடிப் பழையதை அறுத்துவிட்டு, சில நாட்களில் புதிதாகக் கட்டுவார்கள். பெண்கள் புல் திரித்துச் சிறு கயிறு, அதை முறுக்கிப் பெரிய கயிறு, அதைப் பின்னி வடம். 2013-ல் யுனெஸ்கோ இதை உலகப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. 2020-ல் பெருந்தொற்றால் புதுப்பிக்க முடியவில்லை, 2021 மார்ச்சில் பாலம் ஆற்றில் விழுந்தது, ஜூனில் திரும்பக் கட்டிவிட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. ஆகவே மே மாதத்திலேயே உங்கள் வழிகாட்டியிடம் பேசி, அவரோ அவருக்குத் தெரிந்தவரோ போகிறார்களா, அன்றன்றைக்கு எடுத்த காட்சிகளோடு மறுநாள் உங்களோடு உரையாட முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அன்றே மதிப்புரை எழுதிவிடுங்கள். தனியாக வேலை செய்யும் வழிகாட்டிக்கு அடுத்த வாடிக்கையாளரைக் கொண்டுவருவது அதுதான். டிப்ஸ் கொடுப்பதாக இருந்தால், வழிகாட்டிக்கும் கேமரா முன் வேலை செய்து காட்டிய நெசவாளருக்கும் தனித்தனியே போய்ச் சேருமா என்று கேட்டுக் கொடுங்கள். பதிவு செய்ய விரும்பினால் தொடக்கத்திலேயே அனுமதி வாங்குங்கள், மற்றவர்கள் முகம் தெரியும் பதிவைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.